புது ரேம் போட்டதும் திரை கருப்பாக நிற்கிறதா? கேள்வி பதில்

டெஸ்க்டாப்பில் ரேம் கூட்டும்போது வரும் சிக்கல்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பழைய 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்கோடு புதிதாக இன்னொரு 8 ஜிபி போட்டேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பழையது மட்டும் இருந்தால் ஓடுகிறது. புதியது பழுதா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையது ஓடிய அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். க்ளிப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும். சரியாக அழுந்தாத ஸ்டிக்கைப் பழுது என்று முடிவுகட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஓடினால் ஸ்டிக் நல்லதுதான், இரண்டும் சேரும்போதுதான் தகராறு. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சிறு சிப் உண்டு. வேகமும் டைமிங்கும் அதில் எழுதியிருக்கும். மதர்போர்டு இரண்டையும் படித்து, மெதுவானதன் கணக்கில் இரண்டையும் ஓட்டப் பார்க்கும். ஆனால் பழையதற்காக நீங்கள் பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ஸ்டிக்கை அதன் விளம்பர வேகத்தில் ஓட்டும் அமைப்பைப் போட்டு வைத்திருந்தால், அதன் வேகத்தையும் 1.35 வோல்ட்டையும் புதியதும் தாங்கியாக வேண்டும். டிடிஆர்4-இன் இயல்பான அளவு 1.2 வோல்ட். அதனால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். அப்போதும் திரை வராவிட்டால், பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வையுங்கள். பயாஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

ஸ்லாட்டையும் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் இரண்டு ஸ்டிக் போடுவதென்றால் பெரும்பாலும் ப்ராசஸர் பக்கமிருந்து 2-வதும் 4-வதும். போர்டின் கையேட்டில் படமே இருக்கும்.

ஓட ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு சரியில்லை.

கேள்வி: 3200 வேகம் என்று ரேம் வாங்கினேன். கணினியின் விவரங்களைக் காட்டும் சிபியூ-இசட் மென்பொருள் 1600 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும். 1600ஐ இரண்டால் பெருக்குங்கள்.

கேள்வி: எனக்கு டாஸ்க் மேனேஜரிலேயே 2133தான் காட்டுகிறது.

பதில்: இது வேறு. பயாஸில் எக்ஸ்எம்பி இயக்கப்படவில்லை. இயக்குங்கள், அப்புறம் மெம்டெஸ்ட்.

கேள்வி: டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 முனைகள்தானே? பழைய போர்டில் டிடிஆர்5 போடலாமா?

பதில்: கூடாது. வெட்டுப்பள்ளம் இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தம் வேறு. உள்ளே போகாததை அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

கேள்வி: ரைசன் 7000 ப்ராசஸர். 6000 வேகத்தில் இரண்டு டிடிஆர்5 ஸ்டிக் நன்றாக ஓடியது. அதே மாடலில் இன்னொரு கிட் (சேர்த்து விற்கும் ஸ்டிக் ஜோடி) வாங்கி நான்கு ஆக்கினேன். இப்போது எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் அமைப்பு) போட்டால் திரையே வருவதில்லை.

பதில்: ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் கணக்கே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. 6000 என்பது அதற்கு மேல் ஓட்டுவது. மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் மாறியிருக்கலாம். எக்ஸ்போ இல்லாமல் போட்டுப் பாருங்கள். முதல் தடவை போர்டு மெமரியைப் பழக்கிக்கொள்ளப் பல நிமிடம் திரை கருப்பாகவே இருக்கலாம், இடையில் அணைக்காதீர்கள். முடிந்தால் நான்கையும் கொடுத்துவிட்டு, அதே மொத்த அளவு வரும் இரண்டு ஸ்டிக் கிட் வாங்குங்கள்.

கேள்வி: கிட் கலப்பதை இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? நான் மூன்று வருடமாக இரண்டு கம்பெனி ஸ்டிக்குகளைக் கலந்து 3200-இல் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: கலந்தால் ஓடாது என்று நான் சொல்லவில்லை. ஓடுவது வேறு, பிழையில்லாமல் ஓடுவது வேறு. நானும் கலந்து போட்டு ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் குடும்பப் புகைப்படங்கள் வைத்திருந்த ஜிப் கோப்பைத் திறந்தால் பாதி திறக்கவில்லை. டிஸ்க்கில் குறையில்லை, கோப்பை உருவாக்கும்போதே மெமரியில் தரவு கெட்டிருந்தது. சோதித்தபோது ஏழு பிழைகள். அந்தப் படங்கள் திரும்பவே இல்லை. நீங்கள் எப்போதாவது மெம்டெஸ்ட் ஓட்டினீர்களா?

கேள்வி: ஓட்டியதில்லை. பிரவுசர் அவ்வப்போது தானாக மூடிக்கொள்ளும். அது விண்டோஸ் கோளாறுதானே?

பதில்: இருக்கலாம். ஆனால் மெமரியைச் சோதிக்காமல் விண்டோஸ்மேல் பழி போடாதீர்கள். இன்றிரவு ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேள்வி: 3600 வாங்கினேன், 1800 காட்டுகிறது.

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: சர்வரிலிருந்து கழற்றிய இசிசி ரெஜிஸ்டர்ட் ஸ்டிக் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. வாங்காதீர்கள்.

கேள்வி: நான்தான், கலந்து ஓட்டுபவன். சோதித்தேன். எக்ஸ்எம்பியோடு 14 பிழைகள். அணைத்துவிட்டு நான்கு சுற்று ஓட்டினேன், ஒன்றுகூட இல்லை.

பதில்: சோதித்ததற்கு நன்றி. ஸ்டிக்குகள் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. கலந்த நிலையில் அந்த வேகம்தான் தாங்கவில்லை. 2933 வைத்து மறுபடி இரவு முழுக்க ஓட்டுங்கள். பிழை வந்தால் 2666. அப்புறம், இந்த மூன்று வருடத்தில் பேக்கப் எடுத்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மூலக் கோப்பு இன்னும் இருக்கிறவற்றை மட்டுமாவது மறுபடி எடுத்துவிடலாம்.