கேமரா வாங்கும் முன் ஜன்னலைப் பார்க்கட்டும்

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்த மறுவாரம், சுங்கை சிப்புட்டில் என்னைப் பார்க்க ஓர் அக்கா மகனோடு வந்தார். கணவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். அக்காவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மகனின் தேர்வு முடிவு. இன்னொன்று, கிள்ளானில் இருக்கும் மூத்தார் கொடுத்தனுப்பிய ஏஜெண்டின் விண்ணப்பப் பாரம்: வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு. முன்பணத்துக்கு அக்காவின் சங்கிலி, மிச்சத்துக்கு வீடு என்று பேசியே முடித்துவிட்டார்கள்.

"எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா எதையாவது படம் புடிச்சிக்கிட்டே இருக்கான் சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அந்தப் பாரத்தைப் படித்த பிறகு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. பையனுக்கு வேதியியலில் டி. நம் நாட்டில் மருத்துவத்துக்குக் கேட்கும் தகுதி அவனிடம் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையையும் சேர்த்துவிடுகிறேன் என்கிற ஏஜெண்டு, படித்துத் திரும்பினால் இங்கே டாக்டராகப் பதிவு கிடைக்குமா என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்து முறையாகப் படித்தவர்களையே 2016-இலிருந்து அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் போட்டிருக்கும் நாட்டில், தோட்டத்துச் சம்பளத்தை நம்பி வீட்டை அடகு வைக்கக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அப்புறம் பையனிடம், "நீ எடுத்ததைக் காட்டு" என்றேன்.

ஒன்றரை நிமிட வீடியோ. தோட்டத்து லயத்து வீட்டில் பாட்டி பூக்கட்டுகிறார். ஒரு ஜன்னல் மூடியிருக்கிறது. இன்னொன்றில் தாத்தாவின் வெள்ளை வேட்டி தொங்குகிறது. அதன் வழியே வடிந்து வரும் வெளிச்சம் பாட்டியின் ஒரு பக்கக் கன்னத்தில் விழ, மறுபக்கம் மெல்ல மங்குகிறது. சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது, எதுவும் முரட்டுத்தனமாக இல்லை. வேட்டியை ஏன் கட்டினாய் என்றேன். "வெயில் நேரா அடிச்சா பாட்டி மூஞ்சி பாதி வெள்ளையா, பாதி கருப்பா வந்துச்சு சார்." யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒளியை மென்மையாக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அக்கா, உங்களுக்கும் உங்களைப் போன்ற வீடுகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பொலிடெக்னிக் என்ற மேற்படிப்பு வழிகளைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது இதுதான்: வீடியோ வேலையில் கேமராவைவிட ஒளியும் சட்டகமும்தான் (படத்துக்குள் எதை எங்கே வைக்கிறோம் என்பதுதான்) முக்கியம். இரண்டையும் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

முதல் பாடம், ஒரே விளக்கு. முகத்துக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 45 பாகையில், கண்ணுக்குச் சற்று மேலே வைக்கட்டும். இது முதன்மை ஒளி. எதிர்ப்பக்கம் வெள்ளைப் பாலிஸ்டைரீன் (தெர்மாகோல்) பலகையைப் பிடித்தால் நிழல் இளகும், அதற்கென்று இரண்டாவது விளக்கு வேண்டாம். பின்னாலிருந்து தலைமுடியிலும் தோளிலும் மெல்லிய கோடாக ஒளி விழுந்தால் ஆள் சுவரிலிருந்து பிரிந்து தெரிவார். விளக்கை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு ராத்திரி விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் புரிந்துவிடும்.

நம் தோல் நிறத்தை அவன் நன்றாகப் படிக்க வேண்டும். கல்யாண வீடியோக்களில் நம் பெண்களின் முகம் சாம்பல் பூத்து வருவதைப் பார்த்து எனக்குப் பல முறை கோபம் வந்திருக்கிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் போன் சுவரைக் கணக்கில் வைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். போன் திரையில் தெரியும் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்ட வேண்டும். கருத்த தோலில் பளபளப்புதான் முகத்தின் வடிவத்தைக் காட்டும். அதற்குப் பெரிய, மென்மையான ஒளி பக்கத்திலிருந்து வர வேண்டும். நேராக அடிக்கும் ஃபிளாஷ் அதைக் கெடுத்துவிடும்.

செம்பனை நிழலில் ஆளை நிறுத்தினால் இலையிலும் புல்லிலும் பட்டுத் திரும்பும் ஒளியால் முகம் பச்சையடிக்கும், வெள்ளைப் பலகை அங்கேயும் வேண்டும். நண்பகல் சூரியன் நம் ஊரில் தலைக்கு மேலே நிற்பதால் கண்குழி இரண்டும் கருத்துப்போகும், மாலை 5.30 வரை பொறுக்கட்டும். கோவிலில் தீப ஒளியை எடுக்கும்போது நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் அந்த மஞ்சள் போய்விடும். 3,200 கெல்வினில் நிறுத்திவைத்தால் தீபம் தீபமாக இருக்கும். டியூப் லைட்டின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவதும் போனின் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 படம் (ஃபிரேம்), ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சட்டகத்துக்கு ஒரே பயிற்சி போதும். பாட்டி பூக்கட்டுவதை மூன்று ஷாட்டில் சொல்லட்டும்: அறை முழுவதும், இடுப்பளவு, விரல்கள் மட்டும். பாட்டி பார்க்கிற திசையில் இடம் விடவேண்டும், தலைக்கு மேல் வெறும் கூரையாக இடம் விடக் கூடாது. ஆறு மாதம், வாரம் ஒரு வீடியோ.

இதற்கான செலவு: நல்ல எல்.இ.டி. பல்பு இரண்டு, முகத்துக்கு ஒன்று, பின்னொளிக்கு ஒன்று (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான சி.ஆர்.ஐ. எண் பெட்டியில் 90-க்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் தோல் வெளிறும்), ஹோல்டர், ஒயர், பலகை, வெள்ளைத்துணி. போன் இருக்கிறது. படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள் இலவசம், ஆனால் ஓரளவு பலமான கணினி வேண்டும். அது கிடைக்கும்வரை போனிலேயே வெட்டி ஒட்டட்டும். கேமராவை இப்போது வாங்காதீர்கள். தவணையிலும் வேண்டாம், மாமா பரிசாகத் தந்தாலும் வேண்டாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் வழியைப் பாருங்கள். அரசின் பி.டி.பி.கே. திறன் பயிற்சிக் கடன் அந்த வழிக்கென்றே இருக்கிறது. கோலாலம்பூரில் அரசின் அஸ்வாரா கலைக் கல்விக்கழகத்தில் திரைப்படம் படிக்கலாம். பாட்டி வீடியோ போன்ற பத்து இருந்தால் நேர்காணலில் காட்ட அவனிடம் ஏதோ ஒன்று இருக்கும். கட்டணம் கொழுத்த தனியார் கல்லூரியில் 'மாஸ் கம்யூனிகேஷன்' சேர்ப்பதற்கு நான் உடன்படமாட்டேன், அது மூத்தாரின் பாரத்துக்குத் தங்கச்சிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவில் கல்யாண வீடியோ எடுப்பவர் யாரிடமாவது லைட் பிடிக்கப் போகட்டும். சம்பளம் குறைவாக இருக்கும், ஸ்டாண்டு தூக்கித் தோள் வலிக்கும். அந்த வலிக்குப் பிறகும் திங்கட்கிழமை பாட்டியை எடுக்க உட்காருகிறானா என்று நீங்களே கவனியுங்கள். உட்காரவில்லையென்றால் மறுபடி வாருங்கள், வேறு வழி பேசலாம்.

"சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க சார்?" என்று கிளம்பும்போது கேட்டீர்கள். கடன் தவணை கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது அவன். அடுத்த மாதம் வரும்போது மூத்தாரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன். அதுவரை சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். அந்தப் பாரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.