வகுப்புக்கே வர வேண்டாமாம், பி.எட். மட்டும் கிடைக்குமாம்!

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ரெகுலராக இரண்டு வருடம் டி.டி.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் டிப்ளமோ) படித்தேன். இப்போது தனியார் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் கன்சல்டன்சி ஒன்று வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் பி.எட்., ஒரே வருடம், வகுப்புக்கு வர வேண்டாம் என்கிறது. முன்பணமும் சான்றிதழ்களும் கேட்கிறார்கள். தொலைநிலையில் படித்தால் செல்லுமா? வீட்டிலிருந்தபடி அறிவியல் செய்முறையைக் கற்பிக்க எப்படிப் பழகுவது? என்னோடு வேலை பார்க்கும் தோழி டிப்ளமோவையே தொலைநிலையில் படித்தவர். அவர் சேர முடியுமா?

பதில்: தொலைநிலை பி.எட். செல்லும். அந்தக் கன்சல்டன்சி விற்பது செல்லாது. முன்பணம் கொடுக்காதீர்கள்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடப் படிப்பு. ரெகுலரானாலும் தொலைநிலையானாலும் அதுதான் கணக்கு. முழுக்க ஆன்லைனில் நடக்கும் பி.எட்.டுக்குக் குழுமம் அங்கீகாரம் தரவில்லை. தொலைநிலையில் பாடப் புத்தகம் வீட்டுக்கு வரும், பயிற்சிக்கு நீங்கள்தான் போக வேண்டும். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இரண்டு வருடத்திலும் தலா 12 நாள் பயிலரங்கு உண்டு. பள்ளிப் பயிற்சி முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 12 வாரம். இந்த வாரங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தாள். “வர வேண்டாம்” என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

“ஒரு வருட பி.எட். திரும்ப வந்தாச்சு மேடம்” என்று புரோக்கர்கள் காட்டும் செய்தித்தாள் துண்டு 2025 பிப்ரவரியில் வெளியான வரைவு விதிகளைப் பற்றியது. அந்த வரைவிலும் ஒரு வருடம் என்பது நான்கு வருட இளங்கலையோ முதுகலையோ முடித்தவர்களுக்கு மட்டும். உங்கள் மூன்று வருட பி.எஸ்சி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது, வெளிமாநிலம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டி கற்றல் மையம் நடத்தக் கூடாது, மையத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடவும் கூடாது. ஆகவே உங்கள் ஊர் மாடிப்படிக்கு மேலே தொங்கும் அந்த ‘ஸ்டடி சென்டர்’ போர்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. உங்களுக்கு நடைமுறையில் உள்ளவை இரண்டு: தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ. தமிழ்வழியில் எழுத வேண்டுமென்றால் முதலாவதுதான். எதில் சேர்ந்தாலும் சேரும் ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்திலும், ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பட்டியலிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே படிப்புக்கு இரண்டு அமைப்பு, இரண்டு பட்டியல். இதை ஒரே பக்கத்தில் போட இவர்களுக்கு என்ன தடை என்று புரியவில்லை. புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

2024-25 முதல் தொலைநிலைச் சேர்க்கைக்கு டி.இ.பி. ஐ.டி., அதாவது யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் எண், கட்டாயம். ஏ.பி.சி. ஐ.டி.யை (கல்வி மதிப்பீட்டு வங்கிக் கணக்கு எண்) வைத்து நீங்களே இலவசமாக உருவாக்கலாம். உங்கள் சொந்த மொபைல் எண்ணை மட்டும் கொடுங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும், நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் உங்கள் கணக்கிலிருந்தே செலுத்துங்கள்.

இனி தகுதி. மக்கள் அதிகம் குழம்புவது இதில்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பட்டப் படிப்பில் 50 சதவீதம் வேண்டும். அதோடு, தொலைநிலை பி.எட்.டில் நுழைய இரண்டு வழிகள். ஒன்று, தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்து இப்போது ஆசிரியராகப் பணியில் இருப்பது. மற்றது, அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேரடி வகுப்பில் முடித்திருப்பது. நீங்கள் டி.டி.எட். ரெகுலர் என்பதால் இரண்டாவது வழியிலேயே நுழைந்துவிடலாம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. உங்கள் தோழி நிலைமை வேறு. தொலைநிலை டிப்ளமோவுக்கு இரண்டாவது வழி அடைபட்டது. முதல் வழியில் வரலாம், ஆனால் வேலையில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாதம் பள்ளியை விட்டு நின்றிருந்தால் அதுவும் போயிற்று. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட பணிச் சான்று, வருகைப் பதிவேட்டில் பெயர், சம்பளம் வங்கி வழியே வந்ததற்கான அத்தாட்சி ஆகியவற்றை இப்போதே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வெறும் பி.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டு வழியுமே கிடையாது. அவர் ரெகுலர் கல்லூரிக்குத்தான் போக வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். 12 நாள் பயிலரங்கில் அறிவியலுக்கென ஒதுங்குவது சொற்ப நேரம். எத்தனையோ மையங்களில் ஆய்வகம் பூட்டியே கிடக்கும், சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பு. ஆகவே கருவியை நீங்களே தொட்டுப் பழகிவிட்டுப் போங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். அதிலுள்ள இயற்பியல் சோதனைகளைப் பெரும்பாலும் வீட்டு மேசையிலேயே செய்யலாம்.

எடையையும் தூரத்தையும் சமன் செய்து பார்க்கும் திருப்புத்திறன் சோதனைக்கு ஒரு மீட்டர் மர அளவுகோல், நூல், 50 கிராம் எடைக்கல் போதும். மலிவான அளவுகோல் 50 செ.மீ. குறியில் சமநிலை கொள்ளாது. எடை தொங்கவிடும் முன் அது எங்கே நேராக நிற்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் கட்டுங்கள், தூரங்களையும் அங்கிருந்தே அளந்துகொள்ளுங்கள். குவிலென்சின் குவியத் தொலைவை அளக்கத் தொலைவில் உள்ள மரம் வேண்டும். வகுப்பறை டியூப்லைட்டைக் காட்டுவது பரவலான தவறு. 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள லென்சுக்கு 2 மீட்டரில் இருக்கும் விளக்கின் பிம்பம் ஏறத்தாழ 10.5 செ.மீ.யில் விழும். பிள்ளைகள் அதையே விடையென்று எழுதுவார்கள். மின்தடை எண் சோதனையில் வம்பு செய்வது கம்பியின் விட்டத்தை அளக்கும் திருகு அளவி. 0.40 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் 0.02 மி.மீ. பிசகினால் 5 சதவீதப் பிழை. ஆரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது 10 சதவீதமாகிவிடும். சுழிப் பிழையை, அதாவது கம்பி வைக்காதபோதே அளவி காட்டும் பிசகை, திருத்தாமல் கணக்கைத் தொடவே கூடாது. எனாமல் கம்பியானால் முனைகளை உப்புத்தாளால் சுரண்டுங்கள். அளவு எடுக்கும் நேரம் தவிர மின்சுற்றின் சாவியைத் திறந்தே வையுங்கள், கம்பி சூடேறினால் தடை மாறும்.

பெட் (PhET), ஓலேப்ஸ் (OLabs) போன்ற இலவசக் கணினி மாதிரிச் சோதனைகளையும் பயன்படுத்துங்கள், ஆனால் கையால் செய்த பிறகு. திரையில் கம்பி தளராது, லென்சில் கைரேகை படியாது. வகுப்பில் 40 பிள்ளைகள் “மிஸ், எனக்கு வரல” என்னும்போது எது கெட்டது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அதைத் திரை சொல்லித் தராது.

ஒரு சிறு பகுதியைச் சில நிமிடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலை மொபைலில் பதிவு செய்து பழகலாம். 6 நிமிடம் கற்பித்தல், 6 கருத்துக் கேட்டல், 12 மறுதிட்டம், 6 மறுகற்பித்தல், மறுபடி 6 கருத்து, ஆக 36 நிமிடம். மொபைலைக் கடைசி பெஞ்சில் வையுங்கள். அங்கிருந்து உங்கள் குரல் கேட்கிறதா, கரும்பலகை எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

பள்ளிப் பயிற்சியின் 12 வாரத்துக்குத் தனியார் நிர்வாகம் சம்பளத்தோடு விடுப்பு தரும் என்று நம்பாதீர்கள். சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மையம் தேதியைக் கேட்டால் டிசம்பருக்கு முந்தைய மாதங்களைக் கேளுங்கள். ஜனவரிக்கு மேல் பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும்தான் நடக்கும், உங்களுக்குப் பாடமெடுக்க பீரியடே கிடைக்காது.

கடைசியாக, மையத்துக்கு அருகே உள்ள ஜெராக்ஸ் கடையில் ரெக்கார்டு நோட்டும் பாடத்திட்டமும் எழுதியே விற்பார்கள். வாங்காதீர்கள். ஒரே பாடத்திட்டம் ஒரே எழுத்துப் பிழையோடு பத்து நோட்டில் வந்தால் தேர்வாளருக்குத் தெரியாதா? ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த லென்சின் குவியத் தொலைவை எதைப் பார்த்து அளந்தீர்கள்?” என்றுதான் வைவாவில் கேட்பார்.