எந்த மாதத்து ஸ்பிட்ஃபயர்?

(கணினியில் ஆடும் விமானப் போர் சிமுலேட்டர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதில் தருபவர் இந்திய விமானப்படையில் இன்ஜின் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: 'கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' சிமுலேட்டரில் பிரிட்டிஷ் போர்விமானமான சாதாரண ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ எடுத்தால், தாழப் பறக்கும்போது ஜெர்மன் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐப் பிடிக்கவே முடியவில்லை. '100 ஆக்டேன்' என்று போட்டிருக்கும் ஸ்பிட்ஃபயரை எடுத்தால் துரத்திப் பிடித்துவிடுகிறேன். இரண்டில் எது வரலாற்றுப்படி சரி? — கல்லூரி மாணவர், கோவை

இரண்டும் சரிதான் தம்பி. எந்த மாதத்துச் சண்டையை ஆடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே!

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது ஸ்பிட்ஃபயர் குடித்தது 87 ஆக்டேன் பெட்ரோல். ஆக்டேன் எண் கூடக் கூட, பெட்ரோல் அதிக அழுத்தம் தாங்கும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜினுக்குள் சூப்பர்சார்ஜர் அழுத்தித் திணிக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் போனால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து பிஸ்டன் பாழாகும். 87 ஆக்டேனில் அந்த எல்லை சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டு. 1940 வசந்தத்தில் 100 ஆக்டேன் வந்ததும் 12 பவுண்டு வரை போக அனுமதி கிடைத்தது, அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். தரையிறங்கியதும் விமானி அதைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், தரைக்குழு இன்ஜினைப் பார்க்க வேண்டுமே. கடல்மட்டத்தை ஒட்டி இதனால் கிடைத்த லாபம் மணிக்கு ஏறக்குறைய 25 மைல்.

ஆனால் பதினேழாயிரம், பதினெட்டாயிரம் அடிக்கு மேலே போனால் இந்த லாபம் ஒன்றுமில்லை. அங்கே காற்றே மெலிந்துவிடுவதால் சூப்பர்சார்ஜரால் 12 பவுண்டு அழுத்தம் கொடுக்கவே முடியாது. உங்கள் சிமுலேட்டரை இதை வைத்துச் சோதித்துப் பாருங்கள். இருபதாயிரம் அடியிலும் 100 ஆக்டேன் ஸ்பிட்ஃபயர் மற்றதைவிட வேகமாக ஓடினால், அதைச் செய்தவர் பெட்ரோலின் பெயரை மட்டும் படித்திருக்கிறார், இன்ஜினைப் படிக்கவில்லை.

புரொப்பெல்லர் கதையும் இதேதான். ஆரம்பத்தில் இரண்டு தகடு மர புரொப்பெல்லர். அப்புறம் மூன்று தகடு, ஆனால் தகடுகளுக்கு இரண்டே கோணம். 1940 ஜூன் கடைசியில் டி ஹாவிலண்ட் கம்பெனி ஆட்கள் விமானதளம் விமானதளமாகப் போய், வேகத்துக்கு ஏற்பத் தானே கோணம் மாற்றும் புரொப்பெல்லராக மாற்றத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் நடுவுக்குள் ஸ்பிட்ஃபயரும், இன்னொரு பிரிட்டிஷ் போர்விமானமான ஹரிக்கேனுமாக ஆயிரத்துக்கு மேல் முடித்துவிட்டார்கள். ஜெர்மன் விமானி வெர்னர் மோல்டர்ஸ், பிடிபட்ட பிரிட்டிஷ் விமானங்களை ரெக்லின் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்தவர். திரும்புவதில் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு கோண புரொப்பெல்லரால் சண்டையில் இன்ஜின் சக்தியை முழுசாகப் பயன்படுத்த முடியாது என்று குறை சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் ஓட்டியது பழைய புரொப்பெல்லர் உள்ள விமானம், அவ்வளவுதான். அந்த அறிக்கையை ஆதாரமாகக் காட்டி ஆகஸ்ட் மாத ஸ்பிட்ஃபயரை மட்டம் தட்டுகிறவர்களிடம் தேதியைக் கேளுங்கள்.

மோல்டர்ஸ் சொன்ன இன்னொரு குறை, மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் இன்ஜின் நின்று போகிறது என்பது. மெர்லினில் இருந்தது மிதவை கார்புரேட்டர். விமானம் திடீரெனக் குனிந்தால் பெட்ரோல் கிண்ணத்தின் மேல்பக்கம் ஏறிவிடும், இன்ஜின் முதலில் விக்கும். தொடர்ந்து தள்ளினால் மிதவை தாறுமாறாகி, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து, கறுப்புப் புகை விட்டு இன்ஜின் மூச்சுத் திணறும். முதலில் வறட்சி, பிறகு வெள்ளம். 109-க்கு நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அது பாட்டுக்குக் குனிந்து ஓடிவிடும். பியட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துகொண்டு, பெட்ரோல் பாதையில் ஓட்டை போட்ட சின்ன உலோகத் தடுப்பு ஒன்றை வைத்து வெள்ளத்தை அடக்கினார். அது 1941-ல். அதற்குப் பிறகும் முதல் விக்கல் கொஞ்சம் இருந்தது. 1940 ஸ்பிட்ஃபயர் உங்கள் கணினியில் விக்காமல் குனிந்தால் சிமுலேட்டர் ஏமாற்றுகிறது. 1941 ஸ்பிட்ஃபயர் குனிந்த மாத்திரத்தில் செத்துப்போனாலும் ஏமாற்றுதான்.

கேள்வி: 109-ஐ மணிக்கு 400 மைலில் ஓட்டினால் பக்கவாட்டில் சாயவே மாட்டேன் என்கிறது. ஜாய்ஸ்டிக்கை முட்டும்வரை தள்ளினாலும் பயனில்லை. மென்பொருள் கோளாறா? — மாணவி, திருச்சி

கோளாறு இல்லை அம்மா, உங்கள் சிமுலேட்டர் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

1939 நவம்பரில் ஒரு 109இ முழுசாகப் பிரான்சில் சிக்கியது. அதை 1940-ல் ஃபார்ன்பரோவில் ஓட்டிப் பார்த்தார்கள். 400 மைல் வேகத்தில், விமானி பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினாலும், இறக்கை நுனியில் இருந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பலகையான எய்லரானை முழு அசைவில் ஐந்தில் ஒரு பங்குதான் நகர்த்த முடிந்தது. எதிர்க்காற்று அவ்வளவு கனம். காக்பிட் வேறு குறுகல், முழங்கையை வீசித் தள்ள இடம் கிடையாது. அப்போதைய ஸ்பிட்ஃபயருக்கும் எய்லரான் மேல் துணிதான், அதுவும் அந்த வேகத்தில் இதே லட்சணம். உலோகத் தகடு போட்ட எய்லரான் பின்னால் வந்தது.

உங்கள் மேஜையில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு 100 மைலும் ஒன்றுதான், 400 மைலும் ஒன்றுதான். ஆகவே நல்ல சிமுலேட்டர் உங்கள் கையை நம்பாது. "இந்த வேகத்தில் ஒரு மனிதனால் எவ்வளவு தள்ள முடியும்" என்று தானே கணக்குப் போட்டு, மீதியை வெட்டிவிடும்.

கேள்வி: 1942 ஏப்ரல் 9 அன்று எங்கள் திருகோணமலை மேல் நடந்த சண்டையை சிமுலேட்டரில் உருவாக்க ஆசை. ஜப்பானின் ஜீரோ போர்விமானத்தில் பல வகை காட்டுகிறது. எதை எடுப்பது? — ஒரு வாசகர், திருகோணமலை

ஏ6எம்2. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பலர் கைக்கு வருகிறதே என்று ஏ6எம்5-ஐ எடுப்பார்கள், அது 1943-ல்தான் போருக்கு வந்தது.

எதிரே சைனா பே தளத்தின் 261-வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), ஹரிக்கேன். நான்கு நாள் முன்பு கொழும்பில் எச்சரிக்கை கிடைக்காமல், குண்டுவீச்சு நடக்கும்போதே ஹரிக்கேன்கள் எழும்ப வேண்டியிருந்தது. திருகோணமலையில் ரேடார் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதனால் ஹரிக்கேன்களைத் தரையிலிருந்து கிளப்பாதீர்கள், உயரத்திலேயே வையுங்கள். எண்ணிக்கையில் ஜப்பான் பக்கம் தாராளமாக இருக்கட்டும்.

ஜீரோ மெதுவான வேகத்தில் சுழல்வதைப் பார்த்து மிரளாத ஆள் இல்லை. ஆனால் அதன் குறைகளும் மாதிரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1942 ஜூனில் அலூஷியன் தீவுக்கூட்டத்தில் அகுட்டான் சதுப்பில் கவிழ்ந்த ஒரு ஜீரோவை அமெரிக்கர்கள் எடுத்துப் போய், சரிசெய்து, செப்டம்பரில் சான் டியாகோவில் பறக்கவிட்டார்கள். 200 நாட் (மணிக்கு ஏறக்குறைய 230 மைல்) வேகத்துக்கு மேல் எய்லரான் இறுகிப்போனது. வலப்பக்கம் உருள்வதைவிட இடப்பக்கம் எளிதாக உருண்டது. மெர்லினைப் போலவே குனிந்தால் இன்ஜின் விக்கியது. இது எல்லாம் திருகோணமலைக்குப் பிறகு தெரிந்த சங்கதி. அன்றைக்கு ஹரிக்கேன் விமானிக்கு இது தெரியாது, ஐரோப்பாவில் பழகியபடி சுழன்று சண்டை போட்டார்கள். உங்களுக்குத் தெரியும். இந்த இடத்தில் எந்தச் சிமுலேட்டராலும் வரலாற்றைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று, 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகள்தான் வையுங்கள். அதற்கு மேல் அந்த ஜீரோவில் இடம் இல்லை.

கேள்வி: டிசிஎஸ் சிமுலேட்டரில் மிக்-21பிஸ் இருக்கிறது. அதில் இந்திய வண்ணம் பூசி 'பைசன்' என்று ஓட்டலாமா? — தாம்பரம் வாசகர்

வண்ணம் பூசலாம், பைசன் ஆகாது. பைசன் என்பது பிஸ் விமானத்தில் புதிய ரேடார், விமானியின் கண்ணெதிரே தகவல் காட்டும் கண்ணாடி, ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள் எல்லாம் சேர்த்து மேம்படுத்தியது. சிமுலேட்டரில் இருப்பது அதற்கு முந்தைய விமானம். அந்தப் பழைய பிஸ்ஸும் நம்மிடம் இருந்தது, ஆகவே அந்தக் காலத்து வண்ணத்தைப் பூசுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

இது என் பழைய வேலை என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாக. அதன் ஆர்-25 இன்ஜினில் ஆஃப்டர்பர்னருக்கு (வால்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் அமைப்பு) மேல் ஓர் அவசர ஆஃப்டர்பர்னர் உண்டு. 4,000 மீட்டருக்குக் கீழே, மூன்று நிமிடத்துக்கு மட்டும். ஆடுகிறவர்கள் இதை இஷ்டத்துக்குப் போடுகிறார்கள், அடுத்த சுற்றில் புது இன்ஜினோடு வந்துவிடுகிறார்கள். நிஜத்தில் அந்த இன்ஜினுக்கு ஒரு பதிவேடு உண்டு, அந்த மூன்று நிமிடமும் அதில் ஏறும். ஒரே வரிசையில் நின்ற இரண்டு மிக்-21களில் ஒன்றின் இன்ஜின் போல இன்னொன்று இருந்து நான் பார்த்ததில்லை. சிமுலேட்டரில் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருப்பதுதான் எனக்குக் கடைசிவரை உறுத்தல்.

கேள்வி: இங்கிலாந்து விமானப்படையில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' ஸ்குவாட்ரன் இருந்ததாமே? ஸ்பிட்ஃபயரில் அந்த ஸ்குவாட்ரன் எழுத்துகளைப் போட முடியுமா? — வாசகர், மதுரை

ஒன்றல்ல, 79, 234, 264 என்று மூன்று அந்தப் பெயரைத் தாங்கின. உங்களுக்கு வேண்டியது 234. 1940 போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது அதுதான், 79-க்கு ஹரிக்கேன். 264-க்கு வாய்த்தது முன்னோக்கிச் சுடத் துப்பாக்கியே இல்லாத டிஃபையன்ட், பாவம். 234-இன் எழுத்துகள் ஏ, இசட். ஆகஸ்ட் நடுவிலிருந்து அவர்கள் மிடில் வாலப் தளத்தில் இருந்தார்கள், அங்கிருந்தே கிளப்புங்கள். புரொப்பெல்லர் புதியதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.