பைக்கை விற்க அவசரப்படாதீர்கள்; பெட்ரோலைக் கார்டில் போடுவதை இன்றே நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். 22 மாதங்களுக்கு முன் ஆசைப்பட்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கினேன். கடன் 1,60,000, மூன்று வருடம், 11 சதவீத வட்டி, மாதம் 5,911 இஎம்ஐ, இன்னும் 14 தவணை பாக்கி. வீட்டுக்கு 15,000 கொடுக்கிறேன். 16 மாதமாக, சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால் கேப் ஃபண்டில் மாதம் 3,000 ரூபாய் எஸ்ஐபி (மாதாந்திர முதலீடு) போகிறது. அதில் இப்போது 51,000 இருக்கிறது. கிரெடிட் கார்டில் போன வருடம் 52,000 பாக்கி. மாதம் தவறாமல் மினிமம் கட்டியும் இன்று 78,000 ஆகிவிட்டது. பைக்கை விற்றுவிடு என்கிறார் அம்மா. ஷோரூமில், எக்ஸ்சேஞ்சில் 450 சிசி வண்டி எடுத்தால் பழைய கடனை அவர்களே முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். சர்வீஸ் செலவைக் குறைத்தாலே போதுமோ என்பது என் யோசனை. பைக் செலவு விவரத்தையும் கார்டு ஸ்டேட்மெண்ட்டையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பைக் கணக்கைப் பார்த்தேன். ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு, செயின் ஸ்ப்ராக்கெட், டயர் என எல்லாவற்றையும் வருடத்துக்குப் பிரித்துப் போட்டால் 14,000 ரூபாய் வருகிறது. மாதம் 1,200க்குச் சற்றுக் குறைவு. வருடம் 14,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டிக்கு இது நியாயமான செலவு. இதில் கை வைக்காதீர்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து லூப் எண்ணெய் அடிக்கச் சோம்பினால், சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து சில ஆயிரத்துக்குச் செயின் செட் மாற்ற வேண்டிவரும்.

சிக்கல் கார்டு ஸ்டேட்மெண்ட்டில் இருக்கிறது. வட்டி மாதம் 3.5 சதவீதம். 78,000க்கு 2,730 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, இன்னொரு 491. ஆக 3,221. நீங்கள் கட்டும் மினிமம் 3,900. அசலில் குறைவது 679 ரூபாய்தான். அதே மாதத்தில் அதே கார்டில் 3,400 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள். பிறகு பாக்கி எப்படிக் குறையும்?

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள். பாக்கி வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். திங்கட்கிழமை டேங்க் நிரப்பினால் அந்தத் திங்கட்கிழமையிலிருந்தே வட்டி. ஜிஎஸ்டியும் சேர்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 50 சதவீதம். பெட்ரோல் போட்டால் ரிவார்டு பாயிண்ட் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரூபாய்க்குச் சில பைசா பெறாத புள்ளிகளுக்காகவா இந்த வட்டி?

ஆகவே முதல் வேலை, பெட்ரோலை யுபிஐயிலோ ரொக்கத்திலோ போடுவது. வீடு, இஎம்ஐ, எஸ்ஐபி, கார்டு எல்லாம் போக உங்கள் கையில் 10,000 சொச்சம் நிற்கிறது. அதிலிருந்து பெட்ரோலை எடுத்தால் வால்பாறை, ஊட்டி என்று வாராவாரம் போவது மாதம் ஒன்றாகச் சுருங்கும். சுருங்கட்டும், சில மாதங்கள்தான்.

இரண்டாவது வேலை உங்களுக்குப் பிடிக்காது. எஸ்ஐபியை நிறுத்துங்கள், 51,000த்தையும் எடுத்துக் கார்டில் கட்டுங்கள். "எது வந்தாலும் எஸ்ஐபியை நிறுத்தாதே" என்று யூடியூபில் மந்திரம்போல ஓதுகிறார்கள். 50 சதவீத வட்டிக் கடன் தலைமேல் இருக்கும்போது அந்த அறிவுரை செல்லாது. எந்த ஸ்மால் கேப் ஃபண்டும் வருடா வருடம் 50 சதவீதம் தரப்போவதில்லை. ஓராண்டு ஆகாத யூனிட்டுகளுக்கு ஒரு சதவீத அளவில் வெளியேறும் கட்டணம் இருக்கலாம். அந்த யூனிட்டுகளுக்கான 20 சதவீத வரியும் லாபத்தின் மேல் மட்டும்தான். உங்கள் மொத்த லாபமே 3,000 ரூபாய். இதற்காகத் தயங்க வேண்டாம்.

கட்டிய பிறகு பாக்கி 27,000. எஸ்ஐபிக்குப் போன 3,000, மினிமமாகப் போன 3,900, இரண்டையும் சேர்த்து மாதம் 6,900 கட்டுங்கள். முதல் மாத வட்டி 1,115 ரூபாய். அடுத்தடுத்து இன்னும் குறையும். ஐந்தாவது மாதம் கணக்கு தீர்ந்துவிடும்.

ஸ்டேட்மெண்ட்டில் பெட்ரோலைத் தவிர இருப்பவை: சைலன்சர், ஃபாக் லைட், பக்கவாட்டுப் பைகள், ஜாக்கெட், ஹெல்மெட். ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். உயிர்காக்கும் பொருளுக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். 14,000 ரூபாய் சைலன்சரைக் கழற்றி விற்றுவிட்டு, கம்பெனி சைலன்சரையே மாட்டுங்கள். விதிக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விபத்து என்று போனால் காப்பீட்டு நிறுவனமும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழுத்தடிக்கலாம். சைலன்சர் பாதி விலைக்குப் போனாலும் கார்டுக்கு ஒரு மாதம் கட்ட ஆகும்.

ஷோரூம் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் வேண்டவே வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; அதைத் தாண்டினால் 40. மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியமும் இரண்டு மடங்கைத் தாண்டும். உங்கள் வண்டிக்கு ஒன்றரை லட்சம் போட்டு, 75,000 பழைய கடனுக்குப் போனால், மீதி 75,000தான் முன்பணம். மூன்றரை லட்சத்து வண்டிக்கு 2,75,000 கடன். நான்கு வருடத்துக்கு மாதம் 8,250. பழைய கடனை அவர்கள் முடித்துத் தரவில்லை. உங்கள் வண்டியை விற்ற காசில்தான் அது முடிகிறது.

இப்போதைய பைக் கடனுக்கு வட்டி 11 சதவீதம் என்று எழுதியிருப்பதும் சரியல்ல. அது ஃபிளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் தான் குறையாத வட்டி. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் 19.6 சதவீதம் வருகிறது. இதே முறையில்தான் புதுக் கடனுக்கும் பேசுவார்கள். கார்டு முடிந்ததும் கையில் சேரும் பணத்தை இந்தக் கடனுக்குத் திருப்பலாம். முன்கூட்டி முடிக்க எவ்வளவு கட்டணம் என்பதை மட்டும் முதலில் விசாரியுங்கள். எஸ்ஐபி அதற்குப் பிறகு. அதோடு மாதம் 1,500 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். சர்வீசும் இன்சூரன்சும் அதிலிருந்தே போகட்டும். இன்று டயர் தேய்ந்தால் உடனே கார்டைத் தேடும் நிலை அப்போது இருக்காது.

உங்கள் அம்மா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வண்டியை 1,60,000க்கு விற்றால் இரண்டு கடனும் ஏறக்குறைய தீரும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வேலைக்கு நீங்கள் தினம் 32 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், அதிலும் இரவு ஷிப்ட். மறுநாளே இன்னொரு வண்டி வேண்டும், அதற்கும் கடன் வேண்டும், கார்டோ பாக்கி தீர்ந்து, மறுபடி தேய்க்கத் தயாராகக் கையில் இருக்கும். அதனால்தான் ஐந்து மாதம் கேட்கிறேன். அதற்குள் கார்டு பாக்கி பூஜ்யம் ஆகாவிட்டால் வண்டியை விற்றுவிடுங்கள், அப்போது வேறு யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் இல்லாமல் ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவு நீங்காது, வாங்குபவர் பெயருக்கும் மாறாது. எனவே கடனை இன்று முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை இந்த வாரமே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.