படகுக் கணக்கு எழுதும் நெட்புக்

கேள்வி: ஐயா, எங்களுக்கு விசைப்படகு ஒன்று உண்டு. டீசல், ஐஸ், ஆட்களுக்கான பங்கு எல்லாவற்றையும் அப்பா 2009-ல் வாங்கிய பத்து அங்குல நெட்புக்கில்தான் எழுதுகிறார். இன்டெல் ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. கணக்கு முழுவதும் பாமினி எழுத்துருவில் எக்செலில் இருக்கிறது. இப்போது ரொம்ப மெதுவாகிவிட்டது. அணைத்துப் போட்டால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. எந்தத் தளமும் திறப்பதில்லை. தூக்கிப் போடச் சொல்கிறார்கள், அப்பாவுக்கு மனசு வரவில்லை. வழி உண்டா?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தூக்கிப் போட வேண்டாம் அம்மா. கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் அது போதும். ஆனால் எக்ஸ்பியோடு அதை இணையத்தில் விடவே கூடாது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. வங்கிக் கணக்கு, மெயில் எதையும் அதில் திறக்காதீர்கள்.

எதற்கும் முன்னால், இன்றைக்கே கணக்குகளை இரண்டு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் வாங்கிய நாளில் இருந்ததேதான் என்றால் அதற்கும் அதே வயசு. கணக்கோடு சேர்த்து, விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று இருப்பதிலிருந்து பாமினி எழுத்துருவையும் பிரதி எடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாமினி, எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யூனிகோடு முறையில் அமைந்தது இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அப்பா எழுதிய பெயர்கள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

தேதி பின்னால் போவதற்குப் பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரிதான் காரணம். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட்தான் இருக்கும்; கழற்றிப் பார்த்து அதே வகையை வாங்குங்கள், விலை அதிகமில்லை. தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், பக்கம் திறக்காது. அந்தப் பேட்டரியை மாற்றினாலும் எக்ஸ்பியில் ஓடும் பழைய பிரவுசரில் இன்றைய தளங்கள் பல திறக்காது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவதுதான் சரி.

என்270 32 பிட் சிப். இன்று வரும் லினக்ஸ்களில் பல 64 பிட்டுக்கு மட்டும்தான். டெபியன் என்ற லினக்ஸ்கூட 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியைக் கைவிட்டுவிட்டது. நான் சொல்வது பழைய கணினிகளுக்கு ஏற்ற ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ், 32 பிட், முழுப் பதிப்பு. எக்செல் போன்ற வேலைகளுக்கான லிப்ரே ஆபீஸ் அதிலேயே வரும். அப்பாவின் எக்செல் கோப்புகள் அதில் திறக்கும். ராமை 2 ஜிபி ஆக்குங்கள், அதற்கு மேல் இந்த வகை ஏற்காது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு சுழலும் தட்டு இல்லாத 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அப்படியும் யூடியூப் அதில் திணறும். அதைச் செல்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் ராமின் தொடுமுனைகள் பூத்துப்போகும். மண்டபத்திலும் பாம்பனிலும் "செத்துப்போச்சு" என்று என்னிடம் வந்தவற்றில் சில, ராமைக் கழற்றி முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டியதுமே எழுந்துவிட்டன. கச்சான் காற்றுக் காலத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள், மணல் விசிறிக்குள் போய்விடும். உபயோகிக்காமல் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் ஆகாது. ஓடும் சூட்டில்தான் உள்ளே ஈரம் காயும். மடிக்கணினி பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். அப்போது கரண்ட் போனால் எழுதியது போய்விடும் என்பதால் அடிக்கடி சேமிக்க அப்பாவுக்குச் சொல்லுங்கள்.

இந்த வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும், தினக் கணக்கும் இருக்காது. ஆன்டிஎக்ஸை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, கீபோர்டு சரியாக இருக்கிறதா, பாமினியைப் போட்டதும் பழைய கணக்கு ஒழுங்காகத் தெரிகிறதா என்று அப்பாவை உட்கார வைத்தே பாருங்கள். அவருக்குக் கை பழகிய பிறகு எக்ஸ்பியை அழிக்கலாம்.