சங்கம் தொடங்கினால் வேலை போகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதுச்சேரியில் தனியார் ஆலைகளில் சங்கம் வைக்க அனுமதியே இல்லை என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். உண்மையா?

பதில்: பொய். சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமை. அதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை. குறைந்தது 7 பேர் கையெழுத்திட்டுப் பதிவுக்கு மனுக் கொடுக்கலாம். தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த சூப்பர்வைசருக்குச் சொல்லுங்கள்: 1936 ஜூலை 30 அன்று இதே புதுச்சேரியில் 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டு மணி நேர வேலை அவர்கள் ரத்தம் சிந்தி வாங்கிக் கொடுத்தது.

கேள்வி: சேதராப்பட்டில் வேலை செய்கிறோம். சங்கத்துக்கு மனுக் கொடுத்த மறுவாரமே, சங்கத்தில் சேராதவர்களுக்கு மட்டும் மாதம் 1,500 ரூபாய் கூட்டிவிட்டார்கள். சம்பளம் கூட்டுவது எப்படித் தவறாகும்?

பதில்: கூட்டிய நேரமும் நோக்கமும்தான் தவறு. சங்கம் உருவாகும் கட்டத்தில் அதைக் கலைக்க ஊதியம் உயர்த்துவதை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை வெளிப்படையாகத் தடுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை தொடர்கிறது. அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. உயர்வு கிடைத்தவர் ஒருவர், கிடைக்காதவர் ஒருவர் என இருவரின் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கடலூர் குடிகாட்டில் இருந்து எழுதுகிறேன். சங்கச் செயலாளர் ஆனதும், பத்து நிமிடத் தாமதத்துக்காக என்னை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். நீதிமன்றம் ஏற்குமா?

பதில்: ஏற்காது என்பதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1961-இல் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், மறுநாள் விடுமுறை என்று வேலைக்கு வராத தொழிலாளர்களை ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் நீக்கியது. நியாயமான எந்த முதலாளியும் கொடுக்காத அளவுக்கு மிஞ்சிய தண்டனை என்றால், அந்தத் தண்டனையையே பழிவாங்கலுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் 'சங்கத்தில் இருந்தேன், அதனால் நீக்கினார்கள்' என்று சொன்னால் மட்டும் போதாது. பாரத் அயர்ன் ஒர்க்ஸ் வழக்கில், பழிவாங்கல் என்பது கடுமையான குற்றச்சாட்டு, சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால்தான் என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதலில் தேதிகளைக் கேட்கிறேன். நான் நடத்திய ஒரு வழக்கில், சங்கத்தின் கடிதத்தைப் பெற்றதாக அலுவலக முத்திரை விழுந்தது 11-ஆம் தேதி. குற்றச்சாட்டு மெமோ தயாரானது 13-ஆம் தேதி. மெமோவில் சொன்ன தவறோ மூன்று மாதங்களுக்கு முந்தையது. மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த அந்த முத்திரைத் தாள்தான் வழக்கின் உயிர்.

இன்னொன்று. உங்கள் கோரிக்கை அப்போதே தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்போ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்ததா? அப்படியானால் உரிய அதிகாரியின் ஒப்புதல் பெறாத நீக்கம் செல்லாது. 2002-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சங்கம் தொடங்கியவுடன் கோரிக்கை மனுவைச் சமரச அலுவலரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் சங்கப் பதிவு மாதக்கணக்கில் இழுக்கிறது.

பதில்: முடிவெடுக்கும்படி அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்களின் சங்கப் பதிவு அப்படித்தான் இழுத்தது. ஆறு வாரத்தில் முடிவெடுக்கும்படி 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

கேள்வி: சங்கப் பொருளாளரை வெளிமாநிலக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். போகாமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. கெட்ட எண்ணத்துடன் செய்த இடமாற்றமும் சட்டம் தடுத்த செயல்தான். ஆனால் போகாவிட்டால், 'வேலைக்கு வரவில்லை' என்று புதிய மெமோ வரும். 'எதிர்ப்புடன் சேருகிறேன்' என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டுச் சேரட்டும். இங்கே வழக்கு நடக்கட்டும். தபால் ரசீதையும் பயண டிக்கெட்டையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.