சங்கம் வந்தால் சைட்டில் வேலை நிற்குமா?

சிறு ஒப்பந்ததாரர், ஓசூர்: என் ஆட்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். இனி வேலை வேகம் குறையுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக சைட்டில் நின்று பாருங்கள். கொத்தனார் சாந்துக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சாரம் மாற்ற எவ்வளவு? கம்பி கட்ட வரைபடம் வந்து சேர எவ்வளவு? என் அனுபவத்தில் நேரம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. இதில் சங்கத்துக்கு என்ன பங்கு?

அமெரிக்கக் கட்டுமானத் துறையை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஸ்டீவன் ஆலன், சங்கத் தொழிலாளர்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிட அதிகம் என்று 1984-ல் எழுதினார். அங்கே சங்கமே பல ஆண்டுப் பயிற்சி கொடுக்கிறது, தேறிய ஆளை அதுவே அனுப்பியும் வைக்கிறது. தலைக்கு மேல் நின்று விரட்ட ஆள் தேவைப்படுவதில்லை. ஆனால் தனியார் அலுவலகக் கட்டடங்களில் தெரிந்த அளவு வித்தியாசம் பள்ளிக் கட்டடங்களில் தெரியவில்லை என்பதையும் அவரே பிறகு காட்டினார். நம்மூரில் ஆள் பிடிப்பதும் தொழில் பழக்குவதும் மேஸ்திரிதான். அதனால் அதே பலனை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது.

நாகர்கோவில் வாசகர்: கேரளத்தில் நோக்குக்கூலி கொடுத்து நொந்தவன் நான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அது அநியாயம்தான். டைல்ஸை உங்கள் ஆட்களே இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி! கேரள அரசே 2018 மே 1 முதல் அதற்குத் தடை போட்டது. ஆனால் கேட்டவர்கள் சுமை தூக்குவோர், கொத்தனார்கள் அல்ல. இயந்திரம் வந்து பிழைப்பைப் பறித்துவிடும் என்ற பயம் அதன் வேரில் இருந்தது. பயம் நியாயம், வசூலித்த விதம் நியாயமில்லை.

சித்தாள் வேலை செய்யும் பெண், திருவண்ணாமலை: பதினைந்து வருஷமாகக் கலவை சுமக்கிறேன். கரண்டி பிடிக்க விடமாட்டேன் என்கிறார்கள். சங்கத்தில் கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள் அம்மா. உற்பத்தித்திறன் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் உங்களை மறந்துவிடுகிறார்கள். நிமிர்ந்தாளாக, அதாவது கொத்தனாருக்குக் கையாளாக வரும் பையன் சில வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்குக் கலவைப் பதம் காட்டிக் கொடுத்த சித்தாள் சித்தாளாகவே கிழவியாகிறார். ஈரம் கூடினதா குறைந்ததா என்று கண்ணாலேயே சொல்லக்கூடியவரைச் சட்டி தூக்க மட்டும் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வீண்! தமிழ்நாட்டுச் சங்கங்கள் கூலிக்கும் நல வாரியத்துக்கும் போராடிய அளவு இதற்குப் போராடவில்லை என்பது என் மனக்குறை. இரண்டு மூன்று பேராகப் போய்க் கேளுங்கள். பூச்சு வேலையில் பயிற்சி, அப்புறம் கொத்தனார் என்றே நல வாரிய அட்டையில் பதிவு, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

தொழிற்கல்லூரி மாணவர், சேலம்: நல வாரியத்தால் உற்பத்திக்கு என்ன லாபம்?

தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், 1996-ல் மத்தியச் சட்டம். எல்லாம் சங்கங்கள் தெருவில் நின்று வாங்கியவை. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலநிதிக்குப் போகிறது. பிள்ளை படிப்புக்கும் விபத்துக்கும் உதவி கிடைத்தால், கையில் பழகிய ஆள் தொழிலை விட்டு ஓடமாட்டார். லாபம் அதுதான். ஆனால் இன்று பல சங்க அலுவலகங்கள் அட்டை புதுப்பிக்கும் கடைகளாகிவிட்டன. வடமாநிலத்து ஆட்கள் பெரும்பாலும் அவற்றின் வாசலையே பார்த்ததில்லை.

பாதுகாப்பு இன்னொரு லாபம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் அதில் நிறைய. எந்த சைட்டிலும் 'இந்தத் தூண் சரியில்லை' என்று தனி ஆள் சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. பின்னால் சங்கம் இருந்தால் சொல்லத் துணிவார். ஒரு நாள் வேலை நிற்கலாம், நிற்கட்டும்.

வீடு கட்டுபவர், மதுரை: நாள் கூலியா, சதுர அடிக் கணக்கா?

சதுர அடிக் கணக்கில் வேகம் வரும், ஆனால் அவசரத்தில் தரம் குறையலாம். பூச்சு காய்ந்தபின் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தையெல்லாம் கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டும் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.